கச்சான் அரைத்த கொடுவாக் கறி

மாசி பிறந்தால் தருமபுரத்துப் பக்கம் கச்சான் பிடுங்கத் தொடங்கிவிடுவார்கள். பனி தரையில் கிடக்கும்போதே செடியைப் பிடித்து இழுத்தால்தான் மண் விட்டுக்கொடுக்கும். வெயில் ஏறிவிட்டால் செடி மட்டும் கையோடு வரும், காய் உள்ளேயே தங்கிவிடும். அதனால் சிவலட்சுமியும் ஆண்டியப்பனும் மகள் சுகந்தினியும் வெளிச்சம் வரமுன்னரே காணிக்குள் இறங்கிவிடுவார்கள். வெயில் முதுகைச் சுடத் தொடங்கியதும், பிடுங்கியதையெல்லாம் பாலை மரத்தடியில் குவித்துவிட்டு அதைச் சுற்றி இருந்து காய் ஆய்வார்கள். பக்கத்துப் பற்றைக்குள் மயில்கள் எந்த நேரம் ஆள் எழும்பும் என்று பார்த்துக்கொண்டு நிற்கும்.

ஊர் நிலக்கடலையைக் கச்சான் என்றது. சிவலட்சுமி இன்னும் கடலை என்றுதான் சொன்னாள். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வீட்டை விட்டு லொறியில் ஏறி வந்தபோது அவள் தாயின் இடுப்பில் இருந்த பிள்ளை. காடு வெட்டியதும், கொட்டில் போட்டதும், வளர்ந்ததும், கல்யாணம் கட்டியதும், இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்ததும் எல்லாம் இந்த மண்ணில்தான். ஆனாலும் தாயிடமிருந்து வந்த பேச்சு அவள் வாயை விட்டுப் போகவில்லை. மகளுக்கோ வன்னிப் பேச்சு. ஒரே வீட்டுக்குள் இரண்டு விதமாகக் கதைத்தார்கள். ஒருவருக்கும் அது வித்தியாசமாகப் பட்டதில்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை. மறுநாள் வட்டக்கச்சியிலிருந்து ரஜிதன் வீட்டார் சுகந்தினியைப் பேச வருவதாக இருந்தது. ரஜிதன் உழவு மிசின் வைத்திருப்பவன். முந்தின வருசம் இந்தக் காணியை உழ வந்தவன், அதன்பிறகு உழவு இல்லாத நாட்களிலும் வரத் தொடங்கினான். சுகந்தினி பரந்தனில் ஒரு விதைக்கடையில் கணக்குப் பார்த்தாள். விதை வாங்கும் சாட்டில் அவன் அங்கேயும் போனான். இரண்டு பேருக்கும் விருப்பம் என்பது ஊருக்கே தெரிந்த பிறகுதான் ஆண்டியப்பனுக்குத் தெரிந்தது. சிவலட்சுமிக்கு அவன் முதல்நாள் சாப்பிட்ட விதத்திலேயே தெரிந்துவிட்டது. இதே பாலை மரத்தடியில் இருந்து, "அம்மா, இன்னும் கொஞ்சம் குழம்பு விடுங்கோ" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டவன் அவன்.

காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது வேலிப் படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ரஜிதனின் சித்தப்பா மகன் பிரசாந்தன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்து குவியலுக்குப் பக்கத்தில் குந்தினான்.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. பெரியப்பா ஒரு விசயம் சொல்லிவிட்டவர்" என்றான்.

"சொல்லுங்க தம்பி."

"நாளைக்குச் சாப்பாடு கீப்பாடு எண்டு ஒண்டும் செய்து கஷ்டப்படாதேங்கோ. சும்மா வந்து கதைச்சுப்போட்டுப் போறதுதானே."

"மத்தியானந்தானே வாராங்க? மத்தியானம் வாரவங்களுக்குச் சோறு குடுக்காம வேற என்னா குடுக்கிறது?"

"சோடா எடுத்து வையுங்கோ. கப்பில ஊத்த வேண்டாம். முன்னால வைச்சு மூடியை உடைச்சுப் போத்தலோட குடுத்தால் காணும். ஒரு சீப்பு வாழைப்பழம். அவ்வளவுதான்."

சுகந்தினியின் கை காயோடு நின்றது. ஆண்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக ஆயத் தொடங்கினார்.

"கப்புல ஊத்துனா என்னா தம்பி?" என்று சிவலட்சுமி கேட்டாள்.

"ஒண்டுமில்லை அன்ரி. பெரியப்பா வயசுபோன ஆள். கண்ட இடத்தில கை நனைக்கிறேல்லை. உங்களுக்கு விளங்கும்தானே."

"எனக்கு வெளங்கல. நீங்களே சொல்லுங்க."

பிரசாந்தன் சிரித்து மழுப்பினான். "சரி, இன்னொண்டு செய்யலாம். பரந்தனில எனக்குத் தெரிஞ்ச கடை ஒண்டு கிடக்கு. நல்ல சைவச் சாப்பாடு. நான் பார்சல் எடுத்துக்கொண்டு வாறன். உங்களுக்கும் கரைச்சல் இல்லை, அவைக்கும் கரைச்சல் இல்லை."

"கல்யாணம் பேச எங்க வூட்டுக்கு வாராங்க, சாப்பாடு கடையிலருந்து வருதா?"

"இந்தக் காலத்தில ஆர் அன்ரி இதையெல்லாம் பெரிசா எடுக்கினம்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்" என்றாள் சிவலட்சுமி.

ஆண்டியப்பன் இடையில் புகுந்து, "தேத்தண்ணி போட்டுக் குடு புள்ள" என்றார். பிரசாந்தன் உடனே எழும்பினான். "ஐயோ வேண்டாம், இப்பத்தான் குடிச்சனான்." பிறகு குவியலைப் பார்த்தான். "நல்ல முத்தின காயாக் கிடக்கு. வீட்டை கொண்டுபோய் அவிக்கக் கொஞ்சம் தாறியளோ?"

சிவலட்சுமி ஒரு பையை எடுத்து நிறைய அள்ளிப் போட்டுக் கொடுத்தாள். அவன் சந்தோசமாக வாங்கி மோட்டார் சைக்கிள் கான்டிலில் கொழுவிக்கொண்டு போனான்.

சத்தம் மறைந்ததும் அவள் கைமண்ணைத் தட்டினாள். "பாத்தீங்களா? பச்சையா இருந்தா நம்ம கடல நல்லது. நம்ம அடுப்புல ஏறினா ஆகாது."

பொழுது சாயும்போது ஆண்டியப்பன் வேறு சேட் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

"எங்க?" என்றாள் சிவலட்சுமி. அவள் முற்றத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். முதலில் பிடுங்கிய கச்சான் அதில் காய்ந்து, குலுக்கினால் உள்ளே கலகலவென்று கேட்டது.

"கடைக்குத்தான். நாலு சோடா வாங்கிட்டு வந்துர்றேன்."

"வாங்கிட்டு வந்தீங்கன்னா எல்லாத்தையும் மாட்டுத் தொட்டியில ஊத்துவேன்."

அவர் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். "சிவலட்சுமி, அவங்க வயல் வரப்புன்னு இருக்கிற ஆளுங்க. யாழ்ப்பாணத்துலருந்து வந்து ரெண்டு தலமுறையா வாய்க்கால் தண்ணியில நெல்லு வெதைக்கிறவங்க. நம்ம வூட்டுப் படியேறி வர்றதே பெருசு. ஒரு நாளைக்குப் பணிஞ்சு போனா என்னா கொறஞ்சு போயிருவோம்? சோடாதானே?"

"சோடா இல்லங்க அது. நம்ம கையி வேணாம்ங்கிறது. இந்தக் கையால சமைச்சது வேணாம்னா, இந்தக் கையால வளத்தது மட்டும் எதுக்கு?"

"அவ அங்க போனதும் அவங்க ஆளாயிருவா."

"அப்ப நாம யாரு? நாளைக்கு அவளுக்கு ஒரு புள்ள பொறந்தா, பாக்கப் போற நானு அங்க குசினி வாசல்ல நிப்பேனா, உள்ள போவேனா? அத இப்பவே தெரிஞ்சுக்கிறது நல்லதில்லையா?"

"இது முறிஞ்சு போச்சுன்னா அவ வாழ்க்கைக்கு யார் பொறுப்பு?" ஆண்டியப்பனின் குரல் உடைந்தது. "ஒரு வருசமா ஊரே பேசுது. உனக்கு உன் ரோசம் பெருசாப் போச்சு."

அது அவளுக்குத் தைத்தது. பாயை அப்படியே விட்டுவிட்டு, கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். "நீ சொல்லு. உன் வாழ்க்கதான். சோடாவா, சோறா?"

சுகந்தினி சட்டையைப் பிழிந்து கொடியில் உதறிப் போட்டாள். "நீ சமையம்மா. ரஜி சாப்பிடுவார். எத்தினை தரம் சாப்பிட்டவர். அவர் சாப்பிட இருந்தாரெண்டால் மற்றாக்களும் இருப்பினம்."

"என்னா சமைக்க?"

"கச்சான் போட்ட மீன்கறி. அவருக்கு அதுதான் விருப்பம்."

ஆண்டியப்பன் சைக்கிளைத் திரும்பவும் சுவரில் சாத்தினார். அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை முல்லைத்தீவிலிருந்து மீன்காரர் வரும் கோர்ன் சத்தம் கேட்டபோது சிவலட்சுமி ஏற்கெனவே தெருவில் நின்றாள். பெட்டி திறந்ததும் பாரையையும் சூடையையும் ஒதுக்கிவிட்டு அடியில் ஐசுக்குள் கிடந்த கொடுவாவை இழுத்தாள். களப்பு மீன். செவுளைத் திறந்து பார்த்தாள், இரத்தச் சிவப்பு. வயிற்றை விரலால் அமத்தினாள், பள்ளம் உடனே நிரம்பியது.

"என்ன விசேசம், பெரிய மீனாத் தூக்கிறியள்?" என்று மீன்காரர் கேட்டார்.

"மகளப் பாக்க வாராங்க."

"அப்ப தலையைத் தனியா வெட்டுங்கோ, தலையில சொதி வையுங்கோ."

"தலையோடதான் கொழம்பு" என்றாள் சிவலட்சுமி.

சாம்பல் தொட்டுச் செதில் உரித்து, தடித்த துண்டுகளாக வெட்டி, உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டுக் கழுவியபோது சதை பால்போல வெளுத்தது. மஞ்சள் பூசி மூடி வைத்தாள். பிறகு இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து, உடைத்த கச்சான் பருப்பைப் போட்டு, விறகை வெளியே இழுத்துத் தணலில் வறுத்தாள். கச்சான் வறுப்பதற்குப் பொறுமை வேண்டும். நெருப்புக் கூடினால் தோல் கருகி உள்ளே பச்சையாக இருக்கும். பிறகு கறி முழுக்கக் கைக்கும். வெடிக்கிற சத்தம் அடங்கும்வரை கரண்டியை நிறுத்தவில்லை. சுகந்தினி சூட்டோடு சுளகில் கொட்டித் தேய்த்துப் புடைத்தாள். சிவப்புத் தோல்கள் முற்றமெல்லாம் பறந்தன.

இந்தக் கறி சிவலட்சுமியின் தாய் கண்டுபிடித்தது. காடு வெட்டிக் குடியேறிய அந்த ஆரம்ப வருசங்களில் தென்னை ஏது? நட்ட கன்று காய்க்க வருசக் கணக்காகும். தேங்காய் வாங்கக் கையில் ஒன்றும் இல்லை. ஆனால் கச்சான் முதல் மழைக்கே காய்த்தது. தேங்காய்ப்பாலுக்குப் பதிலாக அவள் அதை அம்மியில் அரைத்து மீனுக்கு விட்டாள். தென்னை காய்த்த பிறகும் அந்த வீட்டில் இந்தக் கறிக்குத் தேங்காய் விழவில்லை. பள்ளிக்கூடத்தில் சுகந்தினியின் சாப்பாட்டுப் பெட்டியை எட்டிப் பார்த்த பிள்ளைகள் "தோட்டக்காட்டுக் கறி" என்று பழித்திருக்கிறார்கள். அன்றைக்கு அழுதுகொண்டு வந்தவளுக்குச் சிவலட்சுமி மறுநாளும் அதையேதான் கட்டிக் கொடுத்தாள்.

செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், மிளகு, உள்ளி, சின்ன வெங்காயம் எல்லாம் மைபோல அரைபட்டன. கச்சானை மட்டும் அரைகுறையாக, பல்லில் படும்படி இழுத்தாள். நல்லெண்ணெயில் கறிவேப்பிலையும் வெங்காயமும் வதங்கி, அரைத்த கூட்டு வதங்கி, புளிக்கரைசல் விட்டுக் கொதித்து, அதற்குப் பிறகுதான் கச்சான் விழுது. குழம்பு மண்ணிறமாகத் திரண்டு எண்ணெய் கக்கியதும் மீன் துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். அதன்பிறகு கரண்டி போடவில்லை. சட்டியைத் துணியால் பிடித்து மெல்லச் சுழற்றினாள். கரண்டி பட்டால் கொடுவா உதிர்ந்துவிடும்.

ஆண்டியப்பன் குசினி வாசலுக்கு வந்து நின்று மணத்தை இழுத்தார். போய் வாழையிலை வெட்டிக்கொண்டு வந்தார்.

ரஜிதன் வீட்டாரின் வான் வண்டி வந்தபோது வெயில் உச்சியில் நின்றது. முன்னால் ரஜிதனின் தகப்பன் ஏரம்பு இறங்கினார். பட்டு வேட்டி, வெள்ளைச் சேட், நெற்றி நிறையத் திருநீறு. வயலில் வேலை செய்து உரமான உடம்பு. பின்னால் அவர் மனைவி இலட்சுமி, மெலிந்த மனிசி, இறங்கும்போதே செருப்பைக் கையால் பிடித்துக் கழற்றினாள். ரஜிதன் புதுச் சேட்டில் வந்தான். சுகந்தினியைத் தேடிய அவன் கண், தகப்பன் திரும்பியதும் நிலத்துக்குப் போனது. வானை ஓட்டி வந்த பிரசாந்தன் நிழலில் நிறுத்திவிட்டு வெளியிலேயே நின்றான்.

"வாங்க, வாங்கய்யா, உள்ள வாங்க" என்று ஆண்டியப்பன் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

ஏரம்பு கதிரையின் நுனியில் இருந்தார். "ஆண்டியப்பன், நீர் நல்லாத்தான் காணி செய்யிறீர். கச்சான் இந்தமுறை நல்ல விளைச்சல் போல."

"ஆமாங்கய்யா. காட்டுப் பன்னித் தொல்லதான்."

"எங்களுக்கும் அதுதான். வயலுக்கை இறங்கினால் ஒரே இரவில துவம்சம்."

மழை, குளத்துத் தண்ணீர், அறுவடை விலை என்று கதை போனது. கல்யாணக் கதை வரவில்லை. குசினிக்குள்ளிருந்து குழம்பு மணம் வந்துகொண்டே இருந்தது. இலட்சுமி இரண்டு தரம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

சிவலட்சுமி வெளியே வந்து பாய் விரித்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்தாள். "சம்பந்தி, மொதல்ல சாப்புட்டுருவோம். அப்பறம் பேசலாம்."

ஏரம்புவின் முகம் இறுகியது. வாசலில் நின்ற பிரசாந்தனைப் பார்த்தார். அவன் வேறெங்கோ பார்த்தான்.

"இல்லை, நாங்கள் சாப்பிட்டிட்டுத்தான் வந்தனாங்கள். சோடா ஒண்டு இருந்தால் தாருங்கோ, காணும்."

"சோடா இந்த வூட்டுல இல்லீங்க. சோறு இருக்கு, மீன்கறி இருக்கு, கத்தரிக்கா இருக்கு, ரசம் இருக்கு. தண்ணி நம்ம கெணத்துத் தண்ணி, நல்லா இருக்கும்."

"சொல்லிவிட்டனாங்கள்தானே?"

"சொன்னாங்க. எனக்கு வெளங்கலன்னும் சொல்லி அனுப்பினேன். இப்ப நீங்களே வந்திருக்கீங்க. எங்க வூட்டுல ஏன் சாப்புட மாட்டீங்கன்னு நீங்களே சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

"இதில கதைக்க என்ன கிடக்கு? எங்களுக்கெண்டு ஒரு முறை கிடக்கு. பிள்ளை கேட்டதால நான் இறங்கி வந்தனான். அதுக்கு மேல இறங்கேலாது."

"புள்ளகிட்டயே கேப்போம்." சிவலட்சுமி திரும்பினாள். "தம்பி, ஒக்காருங்க. ஒங்களுக்குப் பிடிச்ச கறிதான்."

சுகந்தினி அப்போதுதான் குழம்புச் சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

ரஜிதன் இலையைப் பார்த்தான். தகப்பனைப் பார்த்தான். கழுத்து வேர்த்து சேட்டில் ஊறியது. "எனக்குப் பசிக்கேல்லை அன்ரி" என்றான்.

பாலை மரத்தடியில் அவளை அம்மா என்று கூப்பிட்டவன் அவன். அன்ரி என்ற சொல் சிவலட்சுமிக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. சுகந்தினிக்கு எடுக்கவில்லை. அவள் சட்டியைக் கீழே வைத்தாள்.

ஏரம்பு எழுந்தார். "வெளிக்கிடுங்கோ, போவம். பிறகு ஒருநாளைக்குக் கதைப்பம்."

அந்த நேரத்தில்தான் இலட்சுமி கதிரையிலிருந்து எழும்பிப் பாயில் போய் இருந்தாள். சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"எனக்குப் பசிக்குது. போடுங்கோ" என்றாள் சிவலட்சுமியிடம்.

சிவலட்சுமிதான் முதலில் அசைந்தாள். சோற்றை அள்ளி வைத்தாள், நடுத்துண்டு மீனாக எடுத்து வைத்து, மேலே குழம்பு விட்டாள்.

"இலட்சுமி, எழும்பு" என்றார் ஏரம்பு.

இலட்சுமி சோற்றைப் பிசைந்தாள். "சாப்பாட்டில கை வைச்சிட்டன்."

"ஆக்கள் சிரிப்பினம்."

"ஆர் சிரிப்பினம்?" அவள் ஒரு வாய் வைத்தாள், மென்றாள், விழுங்கினாள். பிறகுதான் நிமிர்ந்தாள். "முள்ளிவாய்க்காலில வரிசையில நிண்டு கஞ்சி வாங்கேக்க, ஆர் காய்ச்சினது எண்டு கேட்டனீங்களோ? முகாமில ஒரு வாளித் தண்ணியை எத்தினை பேர் குடிச்சனாங்கள்? அண்டைக்கு உந்த முறை எங்கை போனது? அண்டைக்கு உயிர் வேணும், எல்லாரும் ஒண்டு. இண்டைக்கு வயல் வந்திட்டுது, வேட்டி வந்திட்டுது, சோடாவும் வந்திட்டுது."

"அது வேறை காலம்."

"வயிறு அதுதான். இத்தினை வருசமா எந்த வீட்டில குடிக்கலாம், எந்த வீட்டில இருக்கலாம் எண்டு நீங்கள் கண்ணால காட்டக் காட்டக் கேட்டு நடந்தனான். எனக்குக் காணும். நீங்கள் போங்கோ, நான் சாப்பிட்டு முடிச்சுப்போட்டு வாறன்."

"வான் நிக்காது."

"பஸ் ஓடும்."

ஏரம்பு வாசலைத் தாண்டி நடந்தார். ரஜிதன் வாசலுக்கும் பாய்க்கும் நடுவில் நின்றான். தாய் அவனைப் பார்க்கவில்லை, முள் எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் சுகந்தினிக்குக் கிட்டப் போய்த் தணிந்த குரலில் சொன்னான்:

"சுகந்தி, அப்பாவுக்கு முன்னால இப்ப வேண்டாம். நான் வீட்டை போய் ஆறுதலாச் சொல்லுறன். கொஞ்சம் பொறு."

"எதைச் சொல்லுவியள்?"

"எல்லாத்தையும். நான் இஞ்ச எத்தினை தரம் சாப்பிட்டனான் எண்டும் சொல்லுறன்."

"இப்ப சொல்லுங்கோ. படலையடியிலதான் நிக்கிறார். இருந்து ஒரு வாய் சாப்பிடுங்கோ. ஒண்டும் சொல்லவும் தேவையில்லை."

அவன் படலைப் பக்கம் பார்த்தான். வெளியே வான் கோர்ன் அடித்தது.

"ஒளிச்சு ஒளிச்சுச் சாப்பிட்டனீங்கள்" என்றாள் சுகந்தினி. "நான் அதை அன்பெண்டு நினைச்சிட்டன். என்னையும் அப்பிடித்தான் வைச்சிருப்பியள் ரஜி. ஆக்கள் இல்லாத நேரம் மனிசி, ஆக்கள் வந்தால் பசிக்கேல்லை. எனக்கு அந்தச் சீவியம் வேண்டாம். போங்கோ."

"நீ கோவத்தில கதைக்கிறாய்."

"ஓம், கோவந்தான். ஆறினாலும் இதைத்தான் சொல்லுவன்."

அவன் போனான். படலையடியில் ஏரம்பு வானில் ஏறி இருந்தார். ஆண்டியப்பன் மெல்ல அவருக்குக் கிட்டப் போனார். இவர் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று சிவலட்சுமி நினைத்தாள். அவரைத் தடுக்க எழும்பப் பார்த்தாள்.

"ஏரம்பு அண்ணன்" என்றார் ஆண்டியப்பன். ஐயா என்று சொல்லவில்லை. "உங்க வூட்டம்மாவப் பத்தி யோசிக்காதீங்க. சாப்புட்டதும் நம்ம புள்ள கூடப் போயி பஸ் ஏத்திவிடும்." வான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பியது. அவர் படலையை இழுத்துக் கொழுக்கியைப் போட்டார். திரும்பி வந்து கை கழுவி, இலட்சுமிக்கு எதிரே பாயில் இருந்தார். "எனக்கும் போடு புள்ள. ராத்திரியும் சாப்புடல" என்றார்.

சிவலட்சுமிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவருக்குத் தலைத் துண்டைப் போட்டாள்.

சுகந்தினி குசினிக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்று கொஞ்ச நேரம் அழுதாள். ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளாகவே முகம் கழுவி வந்து தாய்க்குப் பக்கத்தில் இருந்தாள். இலட்சுமி தன் இலையில் இருந்த முள்ளில்லாத துண்டொன்றைப் பிட்டு அவள் இலையில் வைத்தாள்.

"இது தேங்காய்ப்பால் இல்லைத்தானே?" என்று கேட்டாள்.

"இல்லீங்க. கடல மட்டுந்தான்."

"வறுத்தோ அரைச்சனீங்கள்?"

"வறுத்து, தோலப் பொடைச்சிட்டு. தோலு இருந்தா கசக்கும்."

"நான் கச்சான் அவிக்கிறதோட சரி. கறிக்குப் போடலாமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை." இலட்சுமி வழித்துச் சாப்பிட்டாள். "புளி கொஞ்சம் கூடிப்போச்சு."

"கொடுவாவுக்குப் புளி நிக்கணும்" என்றாள் சிவலட்சுமி விட்டுக்கொடுக்காமல்.

"எங்கட வீட்டில இவ்வளவு விட்டால் அந்த மனிசன் சோத்துக் கோப்பையைத் தள்ளிப்போடும்." சொல்லிவிட்டு இலட்சுமி சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு இன்னொரு பிடி சோறு கேட்டாள்.

சாப்பிட்டு இலை எடுத்த பிறகு அவள் சொன்னாள்: "மிச்சம் இருந்தால் ஒரு பெட்டியில போட்டுத் தாங்கோ. இரவைக்கு எங்கட வீட்டு மேசையில வைச்சுச் சாப்பிடப் போறன்."

"அண்ணன் சண்டை போடுவாரே?" என்றார் ஆண்டியப்பன்.

"போடட்டும். நான் சாப்பிட்டுக்கொண்டு கேக்கிறன்."

வெயில் தணிய முன்னரே அவள் புறப்பட்டாள். சுகந்தினி குடையை விரித்து அவளுக்குப் பிடித்துக்கொண்டு பரந்தன் ரோட்டுவரை கூடப் போனாள். பஸ் தரிப்பில் விறகுக் கட்டோடு ஒரு மனிசி இருந்தாள். இலட்சுமியின் மடியிலிருந்த பெட்டியின் மணம் அவளைத் திரும்பவைத்தது.

"எங்க போயிட்டு வாறியள்? நல்ல வாசமாக் கிடக்கு" என்று கேட்டாள்.

"சம்பந்தி வீட்டை போய்ச் சாப்பிட்டிட்டு வாறன்" என்றாள் இலட்சுமி.

சுகந்தினி குடையை மடக்கினாள். இதைச் சொல்லாமல் பஸ் ஏற்றிவிட அவளுக்கு மனம் வரவில்லை. "மாமி, நான் உங்கட மகனைக் கட்டமாட்டன்."

"விளங்குது பிள்ளை. அவனைக் கட்டச் சொல்லி நான் உன்னைக் கேக்கேல்லை. கேக்க எனக்கு முகமும் இல்லை."

"பிறகேன் சம்பந்தி எண்டனீங்கள்?"

முல்லைத்தீவிலிருந்து வந்த பஸ் தூரத்தில் தெரிந்தது. இலட்சுமி எழும்பிச் சீலையை உதறிச் சரிசெய்தாள். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நீ கட்டுறதும் கட்டாமல் விடுறதும் உன்ர விருப்பம்" என்றாள். "நான் ஆரைச் சம்பந்தி எண்டு சொல்லுறது என்ர விருப்பம்."

பஸ் நின்றது. அவள் ஏறி முன் இருக்கையில் போய் இருந்தாள்.